எந்தக் கம்பியும் போகாத பக்கம்

என் கணவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோணமானி என்றால்தான் தெரியும். பட்டறையில் வைத்த பெயர். கேட், கிரில் செய்யும் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடமாகப் படம் போடுகிறார். அவர் அப்பா படுத்த படுக்கையானபோது டிப்ளமோ படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவர். அவர்தான் படிப்பை விட்டாரே ஒழிய, படிப்பு அவரை விட்டபாடில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டிய படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை, எழுந்து போய்ச் சரி செய்துவிட்டு வருவார். கல்யாணம் பேச வந்த அன்றைக்கு என்னைச் சரியாகப் பார்த்தாரோ இல்லையோ, எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் வீட்டு மூலையில்தானா ஒரு மின்கம்பம் சாய வேண்டும்?

எங்களுடையது முக்கு வீடு. முன்னால் தெரு கிழக்கே போகிறது. பக்கவாட்டில் சந்து தெற்கே போகிறது. இரண்டும் சேருகிற மூலையில் அந்தக் கம்பம். கம்பத்திலிருந்து பார்த்தால் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில், சரியாக எதிரே, என் முன்னறை. தகரக் கூரை போட்ட சின்ன அறைதான். ஆனால் என் தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, பத்துப் பதினைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை எல்லாம் அங்கேதான். சந்தில் சாக்கடை வெட்டியபோது கம்பத்தைப் பிடித்து நின்ற ஸ்டே கம்பியைப் பிடுங்கிப் போட்டார்கள். திரும்பக் கட்டுகிறோம் என்றார்கள். யார் கட்டினார்கள்?

நாலைந்து மாதத்தில் கம்பம் தலையைச் சாய்க்க ஆரம்பித்தது. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர் ஞாயிற்றுக்கிழமை நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு வந்து, நான் காஜா எடுத்துக்கொண்டிருந்த மெஷினைக் கையால் நிறுத்தினார்.

"கம்பம் நாலு விரல் சாஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்."

அன்றைக்குச் சாயங்காலமே உட்கார்ந்து கடிதம் எழுதினார். கம்பத்தில் நாலு பேருடைய கம்பிகள் இருந்தன. மின்சார ஆபீஸ், டிவி கேபிள்காரர்கள், இன்டர்நெட் கம்பெனி, டெலிபோன் கம்பெனி. நாலு பேருக்கும் ஒரே கடிதம், ஒரு எழுத்து மாறாமல். 'தங்கள் கம்பியின் இழுப்பால் கம்பம் எங்கள் வீட்டின் மேல் சாய்கிறது. கம்பியை உடனடியாக அப்புறப்படுத்துமாறு வேண்டுகிறேன்.' ஒருத்தருக்கு எழுதி ஒருத்தருக்கு எழுதாமல் விட்டால் நியாயமில்லையாம். நியாயம் என்றால் இவருக்கு உயிர். அந்த நியாயம் என்ன பாடுபடுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் வந்தது மின்சார ஆபீஸ் லைன்மேன். வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எங்க கம்பி எங்கண்ணே போகுது? கிழக்கே. கம்பம் கிழக்கே சாஞ்சா எங்களைக் கேளுங்க. இது வீட்டுப் பக்கம்ல சாயுது?"

"தடியான கம்பி உங்களோடதுதானே?"

"தடியா இருந்தா? இந்தப் பக்கமா வருது? வரலையே!"

அடுத்து வந்த டிவி கேபிள்காரர் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. "சார், எங்களுது நேரா தெற்கே. ஒல்லிக் கம்பி. நூறு கிலோவுக்கு மேல இழுக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்டர்நெட்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுடைய கேபிள் சந்தைக் குறுக்காகத் தாண்டித் தென்மேற்கே ஒரு மாடிக் கட்டடத்துக்குப் போகிறது. வீட்டுக்கு எதிர்த்திசை மாதிரிதான் தெரிந்தது. "நியாயமாப் பாத்தா நாங்க உங்க வீட்டைக் காப்பாத்துறோம் சார்" என்று சிரித்தார்கள். சிரிப்பு வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலை மேஜையில் ஓங்கி வைத்தேன்.

அவர்கள் போனதும் ஜன்னல் வழியாக நானே அண்ணாந்து பார்த்தேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு கம்பியும் இல்லை. எங்களுக்குக் கரண்ட் வருவதே பின்தெருக் கம்பத்திலிருந்து. எந்தக் கம்பியும் போகாத பக்கமாகப் பார்த்துக் கம்பம் சாய்கிறது. கம்பத்துக்கு என் மேல் என்ன கோபம்?

டெலிபோன்காரர்கள் மட்டும் வரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் என் வெட்டு மேஜையைக் காலி செய்யச் சொன்னார். நான் மாதிரி வெட்டுகிற பழுப்புத்தாள் ஒன்றை விரித்தார். அதில் கம்பத்துக்கு ஒரு புள்ளி, வீட்டுக்கு ஒரு கட்டம். நான்கு பக்கமும் கோடு. கம்பி இழுக்கும்போது இடையில் ஒரு தராசு மாட்டி இழுப்பு எத்தனை கிலோ என்று பார்ப்பார்களாம். ஒவ்வொருத்தரிடமும் தன்மையாகப் பேசி அந்தக் கணக்கை வாங்கி வைத்திருந்தார். டெலிபோன் கம்பிக்கு மட்டும் லைன்மேன் கண் திட்டத்தில் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்.

"மின்சாரம் கிழக்கே நானூறு. டிவி தெற்கே நூறு. இன்டர்நெட் எரநூறு, ஆனா நேர் தெற்கு இல்ல, முப்பது டிகிரி மேற்கே திரும்பியிருக்கு. டெலிபோன் ரோட்டைத் தாண்டி வடமேற்கே, நூத்தம்பது."

"கூட்டினா எண்ணூத்தம்பது" என்றேன். இது ஒரு பெரிய கணக்கா?

"அப்படிக் கூட்டக் கூடாது. அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஒவ்வொரு இழுப்பையும் ரெண்டாப் பிரிக்கணும். கிழக்கு மேற்கா எவ்வளவு, வடக்கு தெற்கா எவ்வளவுன்னு."

இன்டர்நெட்காரர்களின் இருநூறைப் பிரித்தார். தெற்கே நூற்று எழுபத்து மூன்று வந்தது. மேற்கே வெறும் நூறு. எங்களைக் காப்பாற்றுகிறோம் என்று சிரித்தவர்கள், காப்பாற்றுவதைவிட அதிகமாகத் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. துணியைக் கிராஸாக இழுத்தால் நீள நூலும் கொஞ்சம் வரும், அகல நூலும் கொஞ்சம் வரும். இது தெரியாமல் எந்தத் தையல்காரியும் கழுத்துக்குப் பட்டி வெட்டமாட்டாள். இதைச் சொல்ல இவருக்கு சைனும் கொசைனும் வேண்டியிருக்கிறது.

டெலிபோனின் நூற்றைம்பதையும் பிரித்தார். மேற்கே நூற்றிருபது, வடக்கே தொண்ணூறு. பிறகு கிழக்கே போவதிலிருந்து மேற்கே போவதைக் கழித்தார். நானூறில் நூறும் நூற்றிருபதும் போக, மிச்சம் கிழக்கே நூற்றெண்பது. தெற்கே நூறும் நூற்று எழுபத்து மூன்றும், அதில் வடக்கே தொண்ணூறு போக, மிச்சம் நூற்று எண்பத்து மூன்று. இரண்டையும் தனித்தனியாக அதே எண்ணால் பெருக்கி, சேர்த்து, வர்க்கமூலம் எடுத்தார். கையாலேயே எடுத்தார். கால்குலேட்டர் பக்கத்திலேயே கிடந்தது. இந்த மனிதரோடு குப்பை கொட்டுவது லேசில்லை.

"எரநூத்தி அம்பத்தேழு கிலோ. நாலும் சேர்ந்தா இந்த ஒரே ஒரு இழுப்பு. இதுக்குத் தொகுபயன்னு பேரு."

"எந்தப் பக்கம்?"

கிழக்குக்கும் தெற்குக்கும் ஏறக்குறைய நட்ட நடுவே ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். கோடு கம்பத்திலிருந்து கிளம்பி, ஜன்னலைத் தாண்டி, முன்னறைக்குள் வந்து, நான் உட்காரும் ஸ்டூலில் நின்றது. யாருடைய கம்பியும் போகாத அந்தப் பக்கம்தான். ஒவ்வொருத்தர் சொன்னதும் உண்மை. எல்லோரும் சேர்ந்து என் தலைக்குக் குறி வைத்திருந்ததும் உண்மை.

அவர் முகத்தைப் பார்த்தால் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி ஒரு பிரகாசம். அது கொஞ்ச நேரம்தான். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் பென்சிலைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போனது.

"டெலிபோன் கம்பிதான் எதிர்ப்பக்கம் இழுக்குது."

"சரி, அதுக்கென்ன?"

"நமக்காக நிக்கிறது அது ஒண்ணுதான். அதையும் எடுக்கச் சொல்லி எழுதிட்டேனே."

கணக்கைப் போட்டுவிட்டுக் கடிதம் எழுத வேண்டியவர், கடிதத்தை எழுதிவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். கேட்டில் அரை டிகிரி பிசகினால் திருப்பி அனுப்புகிற மனிதர்! நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இப்போது எழுத வேண்டாம்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனார். முதல் கடிதத்தை ரத்து செய்யுமாறு இரண்டாவது கடிதம். அங்கே இருந்த ஒரே ஒரு அம்மா, "கம்ப்ளெயின்ட் மேலிடத்துக்குப் போயாச்சு சார். வாபஸ் வாங்க இங்க ஃபாரம் கிடையாது" என்றாராம். கம்பியை எடுக்காதீர்கள் என்று மனு கொடுக்க வந்த முதல் ஆள் இவர்தானாம். மின்சார ஆபீசில் பழுப்புத்தாளை நீட்டியிருக்கிறார். உதவிப் பொறியாளர் மடிப்பைக்கூடப் பிரிக்காமல், "நீங்க இன்ஜினியரா?" என்று கேட்டாராம். இல்லை என்றதும் அதே மடிப்போடு திரும்பி வந்தது. கம்பம் உங்களுடையதுதானே, ஸ்டே போடுங்கள் என்று கேட்டதற்கு, சாய்வது மற்றவர்கள் கம்பியால், செலவு அவர்கள் தலையில் என்று பதில். மற்றவர்களைக் கேட்டால், கம்பம் எங்களுடையது இல்லையே என்று பதில். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

நாலு பேரில் ஒரே ஒரு கம்பெனிதான் எங்கள் கடிதத்தை மதித்தது. எது என்று சொல்லவும் வேண்டுமா?

கடிதம் போட்டு நாலரை மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் ஏணியோடு வண்டி வந்து நின்றது. டெலிபோன்காரர்கள். இவர் பட்டறைக்குப் போயிருந்தார். நான் பாதித் தையலை விட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே, அதை எடுக்காதீங்க! அதுதான் பிடிச்சிட்டு இருக்கு!"

மேலே ஏறியவர் குனிந்து பார்த்தார். கீழே நின்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அக்கா, உங்க வீட்டுக்காரர் லெட்டர்தானே இது? உடனே எடுக்கணும்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அது தெரியாம எழுதினது. நூத்தம்பது கிலோ, வடமேற்கே. கணக்குப் போட்டு வச்சிருக்கோம். காட்டட்டுமா?"

"எங்களுக்கு ஆர்டர் வந்திருக்குக்கா. இந்த ஏரியாவுல லைனே யாரும் வாங்கறதில்ல, எப்படியும் எடுக்க வேண்டியதுதான். உங்க லெட்டர் வந்ததால முதல்ல இங்க வந்தோம்" என்று பெருமையாகச் சொன்னார். நான் போன் செய்து இவர் வந்து சேர்வதற்குள் கம்பியைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டார்கள். போகும்போது திருப்தியா என்று ஒரு தாளில் என்னைக் கையெழுத்து வேறு கேட்டார்கள். நான் போடவில்லை.

இவர் வந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். தாளை எடுத்து டெலிபோன் வரியை அடித்துவிட்டு மறுபடி கூட்டினார். கிழக்கே முந்நூறு, தெற்கே இருநூற்று எழுபத்து மூன்று. நானூற்று ஆறு கிலோ. அதே பக்கம், கொஞ்சம் மட்டும் கிழக்கே திரும்பி.

"ஒரு கம்பியை எடுத்தா இழுப்பு குறையும்னுதானே யாரும் நினைப்பாங்க" என்றார் மெதுவாக.

அன்றைக்கே மெஷினை அடுப்படிக்கு மாற்றினோம். சீருடைகளை மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வெட்டு மேஜை வாசலில் நுழையவில்லை. முன்னறைக்குள்ளேயே வைத்துச் செய்த மேஜை, அது அங்கேயே கிடந்தது. இவர் தினமும் ஆபீஸ் ஆபீசாகப் போனார். நான் தினமும் நூலைத் தொங்கவிட்டு அளந்தேன். ஆறு விரல். ஏழு விரல். ஒன்பது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தரை மணிக்குக் கம்பம் விழுந்தது. காற்றுகூட இல்லை. அடுப்படியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். முதலில் கம்பிகள் விண்ணென்று அறுந்த சத்தம், பிறகு தகரம் நசுங்கிய சத்தம். கதவைத் திறந்து பார்த்தால் முன்னறையில் வானம் தெரிந்தது. கம்பம் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து, மேஜையை இரண்டாகப் பிளந்து, என் ஸ்டூல் இருந்த இடத்தில் தலையை வைத்துப் படுத்திருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். இவர் ஐந்து மாதம் அலைந்தும் அசையாதவர்கள், கம்பம் விழுந்ததும் வந்தார்கள். உதவிப் பொறியாளர், டிவி, இன்டர்நெட், எல்லோரும். உதவிப் பொறியாளர் கம்பத்தைச் சுற்றி வந்துவிட்டு, "இந்தப் பக்கம் ஒயரே கிடையாதே. எப்படி இங்க விழுந்துச்சு?" என்றார்.

இந்தக் கேள்விக்காக இவர் ஐந்து மாதமாகச் சட்டைப் பையில் பதிலை வைத்துக்கொண்டு அலைந்தவர். ஆனால் கை பைக்குப் போகவில்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று. தாளில் மேலே இருநூற்று ஐம்பத்தேழு, கீழே நானூற்று ஆறு. இரண்டுக்கும் நடுவே இவருடைய கடிதம். தான் சொன்னது சரி என்று காட்ட வேண்டுமானால், தான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். காட்டாதீர்கள் என்று நான் கண்ணால் சொன்னேன். மேலே உள்ள பாதியைக் கிழித்துக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

இவரா கிழிப்பார்? கணக்கு என்றால் எல்லா வரியும் இருக்க வேண்டும். முழுத்தாளையும் எடுத்து விரித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னார். கடைசியில், "இந்த நூத்தம்பது இல்லாமப் போனது என் லெட்டரால சார்" என்றார்.

உதவிப் பொறியாளருக்கு வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி மலர்ந்தது முகம். "அப்படியா? இதைக் கொஞ்சம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சார்" என்றார். 'சார்' என்று மரியாதையாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். இவரும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து மின்சார ஆபீசிலிருந்து அறிக்கை வந்தது. ஒரே பக்கம். காரணம் என்ற இடத்தில் இரண்டே வரி. 'மனுதாரரின் கோரிக்கையின் பேரில் தொலைபேசிக் கம்பி அகற்றப்பட்டதால் கம்பம் சாய்ந்தது. இழப்பீடு வழங்க இயலாது.' நாலு பேர் இழுத்த கதையில் கடைசியில் குற்றவாளி என் வீட்டுக்காரர் ஒருவர்தான். இவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "பொய்னு சொல்ல முடியாது" என்றார். சொல்லிவிட்டுக் கூரை இல்லாத முன்னறையில் போய் நின்றுகொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. உடைந்த ஜன்னல் சட்டம் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதை நேராக்கக்கூட இல்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளும் இவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பழுப்புத்தாளை எடுத்துச் சுருட்டினேன். புடவை மாற்றக்கூட இல்லை, கழுத்தில் அளவு டேப்போடு மின்சார ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

உதவிப் பொறியாளர் மேஜையில் இருந்த ஃபைல்களை ஓரமாக ஒதுக்கித் தாளை விரித்தேன். முனை சுருளாமல் இருக்க அவருடைய தண்ணீர் டம்ளரையே எடுத்து வைத்தேன்.

"சார், எங்க லெட்டருக்கு அப்புறம் நானூத்தி ஆறு. லெட்டருக்கு முன்னாடி எரநூத்தி அம்பத்தேழு. நடுவுல நூத்தி நாப்பத்தொன்பது எங்களோடது. அதை அவர் ஒத்துக்கிட்டாரு, நீங்களும் எழுதிட்டீங்க. சரி. அந்த எரநூத்தி அம்பத்தேழு யாரோடது?"

அவர் தாளைப் பார்த்தார். இந்தத் தடவை நன்றாகவே பார்த்தார். கிழக்கே போகிற கோட்டில் பேனாவை வைத்தார். எடுத்துத் தெற்கே போகிறதில் வைத்தார். குறுக்கே போகிறதற்கு வந்தார். பேனா எங்கேயும் நிற்கவில்லை.

"அது தனியா யாரோடதும் இல்லம்மா" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் கூட்டினா வர்றது."

"அப்படின்னா எல்லாரையும் கூப்பிடுங்க. உங்களையும் சேர்த்து மூணு பேர்."

"இன்னிக்கே எப்படிம்மா..."

"வரட்டும் சார். எனக்குத் தைக்க மேஜை கிடையாது. போய் என்ன செய்யப் போறேன்?"

சுவரோரம் ஒரு பெஞ்ச் இருந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன். அவர் போனை எடுத்து முதல் நம்பரை அழுத்தினார்.